தங்கவயலுக்கு ரெயில்தான் ஓடம்

2025-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, ஷிமோகா மாவட்டத்தில் சிகந்தூர் அருகே, சராவதி நீர்த்தேக்கத்தின் குறுக்கே ஒரு பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மீட்டர். பாலம் கட்டியது பெரிய காரியந்தான். அதைவிடப் பெரியது, அந்தப் பாலத்துக்காக அக்கரை மக்கள் காத்திருந்த காலம்.

1964-ல் லிங்கனமக்கி அணை எழும்பியது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஆனால், தேங்கிய தண்ணீர் பல ஊர்களை வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிட்டது. அன்று தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அவர்களுக்கு லாஞ்சுதான் கதி. பிரசவ வேதனையானாலும் சரி, பள்ளிக்கூடப் பரீட்சையானாலும் சரி, கடைசி லாஞ்சு போய்விட்டால் போனதுதான்.

இந்தக் கதையைக் கேட்டு "ஐயோ பாவம்" என்று சொல்கிறவர்கள், தங்கள் காலடியில் இருக்கும் இன்னொரு தீவை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. ஒரே வழியை நம்பி ஓர் ஊர் பிழைக்குமானால், அந்த வழி தவறிய நாளில் கூலியும் தவறுமானால், அதுவும் தீவுதான். அப்படிப் பார்த்தால், கோலார் தங்கவயலும் ஒரு தீவு. அதன் ஓடம் மாரிக்குப்பம் ரெயில்.

தங்கத்துக்காகப் போட்ட பாதை

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை உள்ள இந்தக் கிளைப்பாதை 1894-ல் திறக்கப்பட்டது. சுமார் 16 கிலோ மீட்டர் நீளம். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-களில் தொடங்கிய சுரங்கங்களுக்கு இயந்திரமும், மரமும், நிலக்கரியும் வேண்டியிருந்தன. அவற்றைக் கொண்டுவரத்தான் பாதை தேவைப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வரும் நிலையங்களின் பெயர்களைக் கேட்டாலே போதும். அது ஊர்களை இணைக்கப் போட்ட பாதை அல்ல, சுரங்கங்களை இணைக்கப் போட்ட பாதை என்பது விளங்கும்.

அந்தச் சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். லைன் வீடுகளில் குடியேறினார்கள். வேலை வீட்டு வாசலில் இருந்தது. சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்து, நடந்துபோய் இறங்கினார்கள். அவர்களுக்கு ரெயில் என்பது ஊருக்குப் போய்வர, கலியாணத்துக்குப் போய்வர உதவிய ஒன்று. அவ்வளவே.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு எல்லாம் மாறிவிட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வேலை வீட்டு வாசலை விட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டது. சங்கு ஊதிய இடத்தில் இப்போது ரெயில் ஊதுகிறது. மாலூர், ஒயிட்பீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மெண்டு என்று இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். தையல் ஆலைப் பெண்கள், காவலாளிகள், கட்டட வேலைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிப் பட்டதாரிகள் எல்லாரும் அதில் உண்டு. தங்கத்துக்காகப் போட்ட பாதை, தங்கம் போன பிறகு ஊரில் மிஞ்சிய ஒரே செல்வத்தைச் சுமந்து செல்கிறது. உழைப்புத்தான் அந்தச் செல்வம்.

பஸ் இல்லையா?

"ஏன், பஸ் இல்லையா? சாலை இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பஸ் இருக்கிறது. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அது வரவேற்கத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், மாலூரிலும் ஒயிட்பீல்டிலும் வேலை உள்ளவர்களுக்கு ரெயில்தான் நேர்வழி. 2023-ல் ஒயிட்பீல்டு வரை மெட்ரோ வந்த பிறகு, ரெயிலில் வந்து மெட்ரோவில் மாறிப் போகிறவர்களுக்கு அதன் பயன் இன்னும் கூடியிருக்கிறது. ஆண் தொழிலாளிக்கோ, சீசன் டிக்கெட்டை விட மலிவான வழி வேறு கிடையாது.

புதிய பெங்களூர் - சென்னை விரைவுச் சாலை பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது. அதன் கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால், மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அதில் இடமில்லை. கார் உள்ளவனுக்குப் பெங்களூர் பக்கத்தில் வந்துவிட்டது. கார் இல்லாதவனுக்கு அது இருந்த தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே, ஓடத்தை ஒழுங்குபடுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கஷ்டம் ரெயிலில் இல்லை

ரெயில் நேரத்துக்கு வரவேண்டும், பெட்டிகள் கூடவேண்டும் என்ற கோரிக்கைகள் பழையவை. அவை நியாயமானவை. ஆனால், அதிகம் பேசப்படாத கஷ்டம் ஒன்று உண்டு. அது ரெயிலில் இல்லை. ரெயிலுக்குப் போய்ச் சேருவதில் இருக்கிறது.

விடிவதற்கு முன் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு புறப்படுகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். லைன் வீட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு கிலோ மீட்டர் இருக்கலாம், மூன்று இருக்கலாம். அந்த நேரத்தில் பஸ் கிடைக்காவிட்டால் ஆட்டோ. ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் ஒரு பங்கு போச்சு. நடந்தால் இருட்டு. தம்பியோ கணவனோ வண்டியில் கொண்டுவந்து விட்டால் உண்டு. அவளே ஸ்கூட்டர் ஓட்டி வந்தாலும், பகல் முழுவதும் அதை எங்கே விடுவது? தெரிந்த கடைக்காரர் முற்றத்திலா, வேப்பமரத்தடியிலா? இரவு திரும்பி வரும்போது வண்டி இருக்குமா, அதில் பெட்ரோல் இருக்குமா?

ரெயில் பயணம் இரண்டு மணி நேரமானாலும் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு கிலோ மீட்டர்தான் பல பெண்களை வேலையை விட வைக்கிறது; பல குடும்பங்களைப் பெங்களூரில் வாடகைக்குக் குடியேற வைக்கிறது. சம்பாத்தியத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. லைன் வீட்டில் வயதான தாய் தகப்பன் தனியாக இருக்கிறார்கள். ஊர் மெல்ல மெல்லக் காலியாகிறது. ஒரு ஸ்டாண்டும் ஒரு டவுன் பஸ்ஸும் சின்ன விஷயமல்ல. ஓர் ஊர் ஊராக இருப்பதா இல்லையா என்ற விஷயம்.

துறைமுகம் இல்லாமல் படகு ஏது?

தீவில் வாழ்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: படகு பாதி, துறை பாதி. யாழ்ப்பாணத்து நெடுந்தீவு மக்களும் நயினாதீவு மக்களும் குறிகட்டுவான் துறையில்தான் கரையேற வேண்டும். படகு எத்தனை நன்றாக இருந்தாலும், துறையில் இறங்கிய பிறகு பஸ் இல்லையென்றால் அன்றைய காரியம் கெட்டது.

கொச்சியில் 2023 ஏப்ரலில் நீர்மெட்ரோ தொடங்கினார்கள். படகுகளை மட்டும் வாங்கி விடவில்லை. படகுத் துறைகளைப் புதிதாகக் கட்டி, அவற்றை மெட்ரோ ரெயிலோடும் இணைக்கத் திட்டமிட்டார்கள். ஹாலந்து நாட்டில் உட்ரெக்ட் ரெயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். பணக்கார நாடு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அந்தப் பணக்கார நாடு காருக்கு மாளிகை கட்டாமல் சைக்கிளுக்குக் கட்டியிருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

யாருக்கு முதலிடம்?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று கேட்டவுடன், நிலையத்துக்கு முன்னால் இருக்கும் காலியிடம் முழுவதையும் கார்களுக்குக் கொடுத்து, ஏலத்தில் விட்டு, கட்டணம் வசூலித்தால், ஏழைக்கு நிற்கவும் இடம் இருக்காது. கணக்குப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதே இடத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். சைக்கிள்கள் பத்து நிற்கும். ஒரு பஸ் வந்து நின்று போனால், ஐம்பது பேரை இறக்கிவிட்டு இடத்தையும் காலி செய்துவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கவேண்டும். முதலில் பஸ். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, லைன்கள் எல்லாவற்றையும் சுற்றி, ரெயில் நேரத்துக்கு நிலையத்துக்கு வரும் சின்ன பஸ்கள். ரெயில் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். அது அரசு பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமும் இராது. இரண்டாவது, சைக்கிள். அதற்குக் கட்டணமே வேண்டாம். மூன்றாவது, இரு சக்கர வண்டி. அதற்குக் குறைந்த மாதப் பாஸ். ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்றால் 25 நாட்களுக்கு 500 ரூபாய் ஆகிறது. சீசன் டிக்கெட்டோடு போட்டிபோடும் கட்டணத்தை எந்தக் கூலிக்காரரும் கொடுக்கமாட்டார். கார் கடைசியில் வரட்டும். முழுக் கட்டணம் கொடுக்கட்டும்.

ஸ்டாண்டுக்கு மாடி கட்டிடம் வேண்டாம். ஒரு கூரை, நான்கு விளக்கு, ஒரு காவலாள், ஒரு சீட்டு. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் சிலருக்குப் பிழைப்பும் கிடைக்கும். விளக்கு கேட்பதைப் பெரிய கோரிக்கையாக நினைக்க வேண்டாம். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கு வெளிச்சம் கிடைப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இங்கே மின்சாரம் வந்துவிட்டது.

நிலமும் நான்கு சாவிகளும்

மற்ற நகரங்களில் நிலையத்தை ஒட்டி நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தங்கவயலில் அந்தக் கவலை இல்லை. மூடப்பட்ட சுரங்க நிறுவனத்தின் பெயரில் 12 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. பாதையின் இருபுறமும் அந்த நிலம் பரந்து கிடக்கிறது. அதில் சயனைடு மேடுகளின் தூசி படாத இடமாகப் பார்த்து, நிலையத்துக்கு ஓர் ஏக்கர் ஒதுக்கினாலே போதும்.

தடையாக இருப்பது நிலமல்ல, சாவிகள். ரெயில் பாதை தென்மேற்கு ரெயில்வேயின் பொறுப்பு. சுரங்க நிலம் மத்திய சுரங்கத்துறையின் பொறுப்பு. தெருவும் விளக்கும் நகரசபையின் பொறுப்பு. பஸ் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. நான்கு பேரும் ஒரு மேசையில் உட்காராவிட்டால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே காலம் ஓடிவிடும். மாவட்ட நிர்வாகம் இவர்களை ஒன்று கூட்டி, நிலையங்களை நேரில் பார்த்து, எது யாருடைய வேலை என்று எழுத்தில் முடிவு செய்ய ஆவன செய்ய வேண்டும்.

பெரிய திட்டம் வரட்டும், ஆனால்...

மாரிக்குப்பத்திலிருந்து ஆந்திர மாநிலக் குப்பத்துக்குப் புதிய ரெயில் பாதை போடும் திட்டம் ஒன்று ஏற்கப்பட்டிருக்கிறது. அது முடிந்தால் தங்கவயல் கடைசி நிலையமாக இருக்காது. சென்னை மார்க்கத்தில் ஒரு வழி நிலையமாகிவிடும். நல்லதுதான். பெங்களூர் புறநகர் ரெயில் திட்டத்துக்கும் 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கிழக்குப் பாதை ஒயிட்பீல்டோடு நிற்கிறது. பங்காருப்பேட்டை வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கையையும் விடக் கூடாது.

ஆனால், பெரிய திட்டங்களைக் காட்டிச் சின்ன வேலைகளைத் தள்ளிப்போடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. சிகந்தூருக்குப் பாலம் வர அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை லாஞ்சு ஓடாமல் இருந்திருந்தால் அந்த ஊர்களில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள். பாலம் திறக்கவும் ஆள் தேவைப்பட்டிருக்காது.

"கூட்டம் குறைந்த கிளைப்பாதைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கும் அதிகாரிகளும் இருக்கலாம். போய்ச் சேர வழி செய்யாமல் கூட்டத்தை எதிர்பார்ப்பது, விதைக்காமல் அறுக்கப் போவதற்குச் சமம். நூற்று இருபது ஆண்டுகள் இந்த மண் தங்கம் கொடுத்தது. அந்தக் கணக்கில் ஒரு கூரையும் விளக்கும் பெரிய செலவாகிவிடாது.

தங்கவயல் மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. இந்தக் கோரிக்கை தமிழருடையது மட்டுமல்ல. அதே பெட்டியில் கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் முஸ்லிம் சகோதரர்களும் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். மனு கன்னடத்தில் எழுதப்படட்டும். கையெழுத்து எல்லாருடையதாகவும் இருக்கட்டும். கட்சிக்கொரு மனு, சங்கத்துக்கொரு மனு என்று பிரிந்தால் நான்கு சாவிக்காரர்களுக்கும் கொண்டாட்டம்.

பாலம் வரும்போது வரட்டும். அதுவரை ஓடம் நேரத்துக்கு வரவேண்டும். துறையில் வெளிச்சம் இருக்கவேண்டும். கரையில் விட்டுப்போன வண்டி, இரவில் திரும்பும்போது விட்ட இடத்திலேயே நிற்கவேண்டும். மூன்று கிலோ மீட்டர் கீழே இறங்கித் தங்கம் தோண்டியவர்களின் பிள்ளைகள் கேட்பது இவ்வளவுதான். அதிகாரிகள் கவனிப்பார்களா?