கரையின் வீட்டுக்காரர்கள்

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயில் 1986-இல் நின்றுபோய், அதன் பாதையின் அடையாளம்கூட அழிந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காத விசனத்தோடு நான் முதன்முதலாக அந்த ஊரில் போய் இறங்கினேன். 1792-இல் கட்டிய நகர வாயிலைக் கடந்து, பழைய ஐரோப்பிய மாளிகைகள் இரு மருங்கிலும் மௌனமாக நிற்கும் ராஜ வீதியில் நடந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர் 1620-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் முன்னால் நின்றபோது, சரித்திரத்தையே நேரில் தரிசித்துவிட்டதாக ஒரு பெருமிதம் உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. குறிப்பெடுக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கொண்டுபோயிருந்தேன். அது எங்கே போயிற்றோ, தெரியாது. கோட்டைக்குச் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என்னை வேலை வாங்கிய அரைமணி நேரந்தான் இன்றுவரை அழியாமல் மனசில் நிற்கிறது.

அவர் கிழிந்த வலையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். வலையின் ஒரு ஓரத்தை வலது காலின் பெருவிரலில் மாட்டி, காலை நீட்டி அதை விறைப்பாக இழுத்துவைத்துக்கொண்டு, கையிலிருந்த ஊசியை அவர் ஒவ்வொரு கண்ணாக நுழைத்து முடிச்சிட்டு இறுக்கிய லாவகத்தை, கோட்டையைப் பார்த்ததைவிட அதிக நேரம் நின்று பார்த்திருப்பேன் போலும். அவர் தலையை நிமிர்த்தாமலே, “சும்மாதானே நிக்கிறீங்க, இந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிங்க தம்பி” என்றார். பிடித்தேன். பிடித்த பிறகுதான் அது உபசாரம் அல்ல, உத்தியோகம் என்று புரிந்தது. தளர்த்தினால் அதட்டல், அதிகம் இழுத்தால் இன்னொரு அதட்டல். இடையிடையே அவர் என்னை விசாரித்தவண்ணம் இருந்தார்: எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆயிற்றா, ஆயிற்றென்றால் வீட்டுக்காரியை ஏன் அழைத்து வரவில்லை. அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்வதற்குள், என் குலம் கோத்திரம் முழுவதும் அந்த மணலில் அம்பலமாகிவிட்டது.

வெயில் ஏறியதும் அவருடைய மனைவி, கூடையில் மிஞ்சியிருந்த கானாங்கெளுத்தியோடு ஏலக்கரையிலிருந்து திரும்பி வந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டாயம். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அந்த அம்மாள் முகத்தில் தோன்றியது கோபமன்று; தீராத வியாதிக்காரனைப் பார்க்கும்போது ஏற்படுகிற பரிதாபம். “மீன் திங்காதவரு இந்தக் கரைக்கு எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, குழம்புச் சட்டியை ஒருபுறம் தள்ளி, நீராகாரமும் சுட்ட அப்பளமும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்தார். காசு கொடுக்க முயன்ற என் அசட்டுத்தனத்தைப் பற்றி விஸ்தரிக்காமல் விடுவதே நல்லது.

தரங்கம்பாடி என்றால் பாடுகின்ற அலைகள் என்று வந்தவர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுகிறார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய சொல். மாசிலாமணிநாதர் கோயிலின் 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றே வருகிறது. அந்தக் கோயிலிலும் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் நான் கேட்ட ‘பாடு’ வேறு: படகு மணலைத் தொட்டதும் ஒருவரையொருவர் கேட்கிற முதல் கேள்வி, “பாடு எப்படி?” என்பதுதான். வலையில் விழுந்தது எவ்வளவு என்று பொருள். சங்கீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஊர் அந்நியரை வரவேற்ற கதையில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி 1706-இல் நடந்தது. அந்த வருஷம் ஜூலை மாதம் 9-ஆம் தேதி வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாரை, டென்மார்க் அரசரே அனுப்பிவைத்திருந்தும், கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிகள் முகங்கொடுத்து வரவேற்கவில்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரோ உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். சிறு பிள்ளைகளுடன் சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகியவர்தான், பத்தாண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். கோட்டைக்குள் கிடைக்காத ஆதரவு அவருக்குத் திண்ணையில் கிடைத்தது. 1845-இல் டேனிஷ்காரர் கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனபோது, கரையிலிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் மறுநாளும் வலையோடு கடலுக்குப் போயிருப்பார்கள்.

இவ்வளவும் நான் சொல்ல வந்ததற்குக் காரணம் உண்டு. நம் கடற்கரை ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்குள்ள ஜனங்களின் சிநேக சுபாவத்தை, அங்கே வீசுகிற காற்றைப்போல ஓர் இயற்கைச் செல்வமாக, யார் வந்தாலும் எப்படி மாற்றினாலும் குறையாமல் கிடைக்கக்கூடியதாக எண்ணிக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கிழவர் என்னை அதட்டி வேலை வாங்கினாரென்றால், அந்த மணல் அவருடைய முற்றம். நான் அதில் வந்து நின்ற விருந்தாளி. வேறொரு கடற்கரையில், வேலி போட்ட விடுதியொன்றில், ஒருசமயம் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. சீருடை அணிந்த பிள்ளைகள் கைகூப்பி வணக்கம் சொன்னார்கள், கேட்காமலே இளநீர் கொண்டுவந்தார்கள். ஒருவராவது எனக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பாவம், கேட்க அவர்களுக்கு அனுமதி இருந்திராது. மீன்கூடையுடன் வந்த ஒரு பெண்மணி, காவற்காரரின் விசில் சத்தம் கேட்டதும், சொந்த ஊர்க் கரையிலேயே சுற்றுவழியாகப் போனதையும் அங்கேதான் பார்த்தேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் தரங்கம்பாடிக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக்கொடுக்கப்பட்டன. கட்டிக்கொடுத்தவர்களின் கருணையை நான் சந்தேகிக்கவில்லை. சில வருஷங்கள் கழித்துப் போனபோது கிழவர் இருந்தார். அந்த அம்மாள் இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புது வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். “வீடு நல்லாத்தான் இருக்கு. ராவுல முழிச்சா கொண்டலா வாடையான்னு தெரியல தம்பி” என்றார். கீழ்க்காற்றா வடகாற்றா என்று படுத்தபடியே அறிந்து, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று விடியுமுன் தீர்மானிக்கிறவருக்கு அது சின்னக் குறையன்று.

உயிருக்கு ஆபத்து என்று அவரை 200 மீட்டர் தள்ளி வைத்ததை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2019 ஜனவரியில் வெளிவந்த மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஜன நெருக்கமுள்ள கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்திருப்பதோடு, அலையேற்றக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு உல்லாசப் பிரயாணிகளுக்குத் தற்காலிகக் குடில்கள் அமைக்கவும் இடம் கொடுக்கிறது. குறைத்த எல்லையால் மீனவர்களும் வீடு கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. சட்டத்தின் வாசகப்படி அது மெய்தான். ஆனால் கடல் பார்த்த மனைக்குப் பணக்காரரும் கட்டுமரக்காரரும் சேர்ந்து விலை கேட்டால் அது யாருக்குப் போகும் என்பதைக் கணக்குப் போட, மீன் ஏலம் நடப்பதை ஒருமுறை பார்த்தவருக்கே தெரியும்.

பிரயாணிகள் வரக்கூடாது என்று சொல்ல நான் யார்? நானே அப்படிப் போனவன்தானே. நான் கேட்பது ஒன்றே: எந்தக் கடற்கரையிலும் விடுதிக்கோ பூங்காவுக்கோ ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னால், படகு ஏற்றுகிற இடம், வலை உலர்த்துகிற இடம், கருவாடு காயவைக்கிற இடம், ஏலம் போடுகிற இடம் எல்லாவற்றையும் அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கூட வைத்துக்கொண்டு வரைபடத்தில் குறித்து, அவற்றில் வேறெவரும் கைவைக்காதபடி செய்யவேண்டும். மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் காட்டவேண்டுமென்று கடலோர ஒழுங்குமுறைக்கான முந்தைய, 2011-ஆம் வருஷத்து அறிவிக்கையே சொல்லியிருக்கிறது. ஆகவே இதற்குப் புதிதாகச் சட்டம் தேவையில்லை. அளக்கப் போகிற உத்தியோகஸ்தர்கள் மத்தியானத்தில் போனால் வெறும் மணலைக் கண்டு, இங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிடக்கூடும். ஆகையால் விடியற்காலையில், படகுகள் திரும்புகிற நேரத்தில் போகட்டும். சும்மா நிற்க விடமாட்டார்கள். வலையில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே விசாரிக்கவேண்டியிருக்கும்.