வயசானவங்க வீடு ஒழுகுதா? போடியிலும் ஏலமலையிலும் உதவி எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது?

ஓடு உடைஞ்சு ஒழுகுது. சுவர் விரிஞ்சு நிற்குது. கழிப்பறைக்குப் போக மூணு படி இறங்கணும், பிடிச்சுக்க ஒரு கம்பி கூட இல்லை. போடிநாயக்கனூரிலும் அதை ஒட்டிய மலைக் கிராமங்களிலும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் ஓய்ந்த பலருக்கு இதுதான் நிலைமை. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மருந்து வாங்குவதா, ஓடு மாற்றுவதா?

அரசு உதவி இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலான பணம் புது வீடு கட்டத்தான் தரப்படுகிறது. இருக்கிற வீட்டைச் சரிசெய்யக் கிடைப்பது குறைவு. அதுவும் நீங்க எந்த மாதிரி இடத்தில் குடியிருக்கீங்க என்பதைப் பொறுத்து மாறும்.

கிராம ஊராட்சியில் இருந்தால்?

குரங்கணியை உள்ளடக்கிய கொட்டகுடி போன்ற ஊராட்சிகளில் இருப்பவர்கள் போகவேண்டிய இடம் போடி ஊராட்சி ஒன்றிய அலுவலகம்.

முதல் கேள்வி: உங்க வீடு தொகுப்பு வீடா? அதாவது, அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்ததா? 2000-01-க்கு முன் அப்படிக் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. இலக்கு 2.5 லட்சம் வீடுகள். பழுதுபார்க்கவே முடியாத பழைய வீடுகளுக்குப் பதிலாக 25,000 புது வீடுகள் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

குடிசையில் இருந்தால் 'கலைஞரின் கனவு இல்லம்'. 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஆனால் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும்.

இதில் யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்க. சொந்தக் காசில் ஓட்டு வீடு கட்டி, 30 வருஷம் கழித்து அது ஒழுகும்போது கையில் எதுவும் இல்லாதவர். அது தொகுப்பு வீடும் இல்லை, குடிசையும் இல்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்கிறார்.

போடி நகராட்சிக்குள் இருந்தால்?

மேலே சொன்ன ஊரகத் திட்டங்கள் எதுவும் பொருந்தாது. ஒரு தெரு தள்ளி இருந்தாலும் விதி வேறுதான். நகரத்துக்கு இருப்பது பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0. 2024 செப்டம்பரில் தொடங்கியது. சொந்த நிலத்தில் வீடு கட்ட மத்திய அரசு பங்காக 1.5 லட்சம் ரூபாய். நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். இதுவும் நல்ல வீடு இல்லாதவருக்குப் புது வீடு கட்டத்தான். இடம் இருந்தும் கூரை மட்டும் போனவருக்கு இல்லை.

எஸ்டேட் லயத்தில் இருந்தால்?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை, பூப்பாறை பகுதித் தோட்டங்களில் லயங்களில் தங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தக் கடமை தொடர்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம்: தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தாலோ காயம்பட்டாலோ, நிர்வாகம் இழப்பீடு தரவேண்டும் என்கிறது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 75-வது பிரிவு. இயற்கைப் பேரிடரோ, குடியிருப்பவரின் தவறோ காரணமாக இருந்தால் மட்டும் விலக்கு. அதனால் சுவர் விரிசலை எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வது நல்லது. 'முன்னாடியே சொன்னோம்' என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு தோட்டங்கள் பொதுவாக இந்த விதிக்குள் வராது. ஏலக்காயில் சிறு தோட்டங்கள் நிறைய. போடியிலிருந்து தினமும் ஜீப்பில் போய்வரும் கூலித் தொழிலாளிக்கு லயமே கிடையாது. வேலையை விட்டபின் அவருக்கு இருப்பது சொந்த ஊர் வீடு மட்டும்தான்.

பழங்குடி மக்களுக்கு?

போடி மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் தரும் மத்திய அரசின் 'பிஎம் ஜன்மன்' திட்டம் 2023 நவம்பரில் வந்தது. தமிழகத்தில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள். பளியர் இல்லை. அவர்களுக்கு அடிப்படை 2006-ன் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தால் உரிமை கோரலாம். மனுவை முதலில் கிராம சபையில் கொடுக்கவேண்டும்.

மழையில் சுவர் விழுந்தால்?

உடனே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்க, போட்டோ எடுத்து வைங்க. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி, மலைப்பகுதியில் முழுதாகச் சேதமான வீட்டுக்கு 1.30 லட்சம் ரூபாய். பகுதி சேதம் என்றால் கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. ஒரு பக்கச் சுவரை எழுப்பக்கூட இது பத்தாது.

கைப்பிடி, சாய்தளம்?

இங்கேதான் பெரிய இடைவெளி. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படிக்குப் பதில் சாய்தளம். இவற்றுக்கென முதியோருக்குத் தனித் திட்டம் இங்கே இல்லை. சிங்கப்பூரில் 2012 முதல் இதற்கே ஒரு திட்டம் இருக்கிறது. அரசு அடுக்குமாடி வீடுகளில் கைப்பிடி பொருத்தும் செலவில் 87.5 முதல் 95 சதவீதம் வரை அந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசே ஏற்கிறது.

நம்மிடம் இருப்பது உபகரணம் மட்டும். 2017-ல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில், 60 வயதுக்கு மேற்பட்ட, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி போன்றவை முகாம்களில் இலவசம். ஆனால் வாசலில் மூணு படி இருந்தால் சக்கர நாற்காலி வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

இப்போ என்ன செய்யலாம்?

* வீட்டுப் பட்டா, ஆதார், ரேஷன் கார்டு நகல், சேதத்தின் போட்டோ எடுத்து வைங்க.
* தொகுப்பு வீடு என்றால் கட்டிய வருஷத்துக்கான ஆதாரம் தேடுங்க. அதுதான் தகுதியை முடிவு செய்யும்.
* திட்ட ஒதுக்கீடு வருஷா வருஷம் மாறும். ஒன்றிய அலுவலகத்தில் இந்த வருஷப் பட்டியலைக் கேளுங்க.
* பதில் வரலைன்னா, திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்க. முதல்வரின் உதவி மையம்: 1100.
* முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண்: 14567.

ஒரு கைப்பிடி பொருத்துவது கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. அது இல்லாமல் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்தக் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் சம்பளம் போகும். புது வீட்டுக்கு லட்சங்கள் ஒதுக்கும் திட்டங்களில், இந்தச் சின்ன வேலைக்கும் ஒரு வரி சேர்க்கவேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.