உச்சிக்குடும்பனுக்கு ஒரு திரை வேண்டும்

அக்கா மகன் இந்த வாரம் ஒரு படத்தை அனுப்பி, "மாமா, இப்படி ஒரு புது முயற்சியை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க" என்றான். படத்தின் பெயர் 'சீதா சிங்ஸ் த புளூஸ்'. அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் நீனா பேலி 2008-இல் வெளியிட்ட அனிமேஷன் படம். இராமாயணத்தைச் சீதையின் பக்கம் நின்று சொல்கிறது. சீதை பாடத் தொடங்கினால் 1920-களின் பாடகி ஆனெட் ஹான்ஷாவின் குரல் வருகிறது. நடுநடுவே மூன்று நிழற்பாவைகள் தோன்றி, கதையை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கின்றன. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கிறது. இதற்கு எழுதிவைத்த வசனமும் கிடையாது. இந்தியர் மூவரைப் பேசவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

படம் எனக்குப் பிடித்துவிட்டது. 'புது முயற்சி' என்றானே, அதுதான் உறுத்துகிறது. நிழற்பாவைகள் இராமாயணத்துக்குள் புகுந்து வம்பளப்பது எங்கள் சீமைப் பிள்ளைகள் மண்தரையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த சங்கதி. தோல்பாவைக்கூத்தைத்தான் சொல்கிறேன்.

வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகளை ஆட்டுவார்கள். ஆட்டுகிறவர் ஒருவர்தான். இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் சூர்ப்பனகைக்கும் அவர் ஒருவரே குரல். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் மிருதங்கமும் ஆர்மோனியமும் ஜால்ராவும் வாசிப்பார்கள். தஞ்சை மராட்டியர் காலத்தில் வந்து, வீட்டில் மராத்தியும் மேடையில் தமிழும் பேசும் குடும்பங்கள் இவை. குமரி, நெல்லை, மதுரைப் பக்கம் ஊர் ஊராகப் போய் இராவெல்லாம் கதை நடத்தியவர்கள். அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இவர்களைத் தேடிப்போய் எழுதியிருக்கிறார்கள்.

கூட்டம் காத்துக்கிடந்தது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். வால்மீகியும் கம்பனும் அறியாத கோமாளிகள். இராமன் பாவை மிடுக்காக நிற்கும். இவர்களுக்குக் கையும் காலும் தனித்தனியாக ஆடும். அனுமன் கடல் தாண்டத் தயாராகிறான். மிருதங்கம் முழங்குகிறது. அந்த நேரம் பார்த்து உளுவத்தலையன், "ஏலே, இவன் ஏன் இம்புட்டுத் தூரம் தாவுதான்? பஸ்ஸு இல்லையா?" என்பான். "இருந்துச்சு. எல்லாத்தையும் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஸ்பெஷலா விட்டுட்டானுவ" என்பான் உச்சிக்குடும்பன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். அடங்கியதும் அனுமன் தாவுவான். இப்போது சிரித்த அதே கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

பகடியின் சூட்சுமம் இதுதான். அனுமனும் தெரிய வேண்டும், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாதவனுக்குச் சிரிப்பு வராது. நாலு வயசுப் பிள்ளை பஸ்ஸுக்குச் சிரித்துவிட்டு, "அனுமன் ஏன் போறான்?" என்று ஆச்சியிடம் கேட்கும். கதை அப்படித்தான் கைமாறிற்று.

இதே பகடி சினிமாவிலும் உண்டு. பழைய ராஜா ராணிப் படங்கள் மீது எனக்குப் பிரியம் அதிகம். அந்தப் படங்களை நன்றாக அறிந்து கேலி செய்தவர் இயக்குநர் சிம்புதேவன். அவரும் கார்ட்டூன் போட்டு வளர்ந்தவர். அவருடைய 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' (2006) படத்தின் அண்ணன் தம்பி கதைக்குள் பழைய 'உத்தமபுத்திரன்' படம் இருக்கிறது. அதற்கும் பின்னால் பிரெஞ்சுக்காரர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதை. அரசவையில் 'அக்காமாலா', 'கப்சி' என்று குளிர்பானம் வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. உளுவத்தலையனின் பஸ்ஸும் இந்தக் கப்சியும் ஒரே வம்சம்.

கேலி செய்தால் மரியாதை போய்விடும் என்பவர்களுக்கு எங்கள் ஊர்தான் பதில். பாளையக்காரர் காலம் எங்களுக்குத் தூரத்துச் செய்தியே இல்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளையர் கையில் அகப்பட்டவர், சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் சாமி கும்பிடப் போய் ஜோதியில் மறைந்தார் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. கோயிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறை இன்றும் இருக்கிறது. 'புலிகேசி' படத்தில் பாளையக்காரனாக வடிவேலு வந்தபோது வயிறு வலிக்கச் சிரித்த சனம்தான் அந்த அறை முன்னால் நின்று கும்பிடுகிறது. யாருக்கும் எதுவும் குழம்பவில்லை.

என் ஆற்றாமை வேறு. பிள்ளைகள் பார்க்கும் டப்பிங் கார்ட்டூன்களில் யாரோ ஓர் ஊர் ராஜாவைக் கேலி செய்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் மூலத்தின் நையாண்டி புரியாமல் அந்த இடத்தில் ஒரு சினிமா பஞ்ச் டயலாக்கைச் செருகிவிடுகிறார். பிள்ளைக்கு அந்த ராஜாவும் தெரியாது, நம் ராஜாவும் தெரியாது. தமிழில் ராஜா கதையைப் பெரும் செலவில் அனிமேஷனாக எடுத்தபோது வந்தது 'கோச்சடையான்' (2014). கம்பீரம் எல்லாம் இருந்தது, உச்சிக்குடும்பன் இல்லை.

கணினியில் படம் வரையக் கற்ற பிள்ளைகள் இன்று தென்காசியிலும் நெல்லையிலும் இருக்கிறார்கள். கூத்து நடத்தத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். பாவையின் ஆட்டத்தை மட்டும் படம் பிடித்து வந்தால் போதாது. எந்த இடத்தில் கதையை நிறுத்துவது, எந்த ஊரில் எந்த வம்பை இழுப்பது என்று கேட்டுப் படிக்க வேண்டும். பத்து நிமிஷப் படம் ஒன்று அப்படி வரட்டும். செலவுக்கு ஊர்கூடி வரி போட்டால் முதல் ஆளாக நான் கொடுக்கிறேன்.