வீட்டுத் தோட்டத்திற்கு ஆவிரை

மாணவர்களே! பல்லாண்டு வாழும் மஞ்சள் மலர்ச்செடி வேண்டுமெனில் நாற்றுப்பண்ணையில் பிரேசில் நாட்டு அல்லமாண்டா கிடைக்கும். அதுவும் அழகியதே. ஆயினும், நம் பொம்மசந்திரா வீடுகளுக்கு ஆவிரையே ஏற்றது என்பது என் கருத்து. ஆவாரம்பூ என நம் ஊரார் வழங்குவது இதனையே.

ஆவிரை வறட்சியைத் தாங்கும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். முற்றம் இல்லாதோர் மாடியில் பெரிய தொட்டியில் வளர்க்கலாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் கூறிய மலர்களுள் இதுவும் ஒன்று. பொங்கலையொட்டி வேப்பிலையுடன் இதனைச் சேர்த்துக் காப்புக் கட்டுவது கொங்கு நாட்டு வழக்கம். கன்னடர் இதனை 'ஆவரிகெ' என்பர். ஆகவே, ஊரை நினைவூட்டும் இம்மலர் இந்த மண்ணுக்கும் அயலன்று.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றால் முற்றிய விதைகளைக் கொணருங்கள். கன்னட நண்பருக்கும் சில கொடுங்கள்.