வலை பின்னினா வேலை... குரோஷே பின்னினா பொழுதுபோக்கா?

பொம்மையார்பாளையம் கடற்கரையில் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள் மீனவ அண்ணன்கள். அதை யாரும் 'ஹாபி' என்று சொல்வதில்லை. ஆனால், பெண்கள் நூலைக் கையில் எடுத்துப் பின்னினால் மட்டும், 'வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பண்றது' என்கிறோம். ஏன்?

இன்ஸ்டா ரீல்ஸ் பார்த்து நூலும் ஊசியும் ஆர்டர் பண்ணியவரா நீங்க? அப்போ இந்தக் கேள்வி உங்களுக்கும்தான்.

எது நிட்டிங், எது குரோஷே?

நிட்டிங்குக்கு இரண்டு ஊசி. 'நிட்', 'பர்ல்' என இரண்டே தையல்தான் அடிப்படை. ஒரு வரிசைக் கண்ணிகள் முழுக்க ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷேவுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. பெரும்பாலும் ஒரு கண்ணிதான் அதில் இருக்கும். மீன் வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு. அதனால் ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது.

மெஷின் செய்யாத வேலை

1589-லேயே இங்கிலாந்தின் வில்லியம் லீ பின்னல் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். இன்று திருப்பூரில் தயாராகும் பனியன், டி-ஷர்ட் எல்லாமே இயந்திர நிட்டிங்தான். ஆனால், அசல் குரோஷேவை அப்படியே பின்னும் இயந்திரம் கடைகளுக்கு உற்பத்தி செய்யும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதாவது, நீங்க வாங்கும் குரோஷே டாப்ஸ் ரொம்ப மலிவு என்றால், யாரோ ஒருவரின் உழைப்புக்குக் கூலி குறைந்திருக்கிறது!

இது புதுக் கதை இல்லை. ஆந்திராவின் நரசாப்பூரில் ஏற்றுமதிக்காக லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி 1982-ல் புத்தகம் எழுதினார் ஆய்வாளர் மரியா மீஸ். தினமும் பல மணி நேரம் பின்னியும், அவர்கள் 'இல்லத்தரசிகள்' என்றே கருதப்பட்டார்கள். 'ஓய்வு நேரம்' என்ற ஒரு வார்த்தையே கூலியைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது.

இங்கே கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. வருமானம் இல்லாத நாளுக்கே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் பின்னும் பெண்ணின் மணி நேரத்துக்கு?

கைகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. 2016 ஜனவரி 31-ல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தது. திறமைக்குக் கைதட்டல் கிடைக்கிறது, நேரத்துக்கு விலைதான் கிடைப்பதில்லை.

சரி, எப்படி ஆரம்பிக்கலாம்?

நம்ம ஊர் வெயிலுக்குக் காட்டன் நூல் போதும். தையல் தெளிவாகத் தெரிய, வெளிர் நிறமாகப் பார்த்து வாங்குங்க. 4 மி.மீ ஊசியில் 20 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையிலும் 'நிட்' மட்டும் போடுங்க. பிரிஞ்சா மறுபடி ஆரம்பிங்க. அவ்ளோதான்.

கூடவே, போனில் டைமரை ஆன் பண்ணிடுங்க. கைக்குட்டை அளவு முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்க. அடுத்த முறை கடையில் பேரம் பேசும்போது, அந்த எண் ஞாபகத்துக்கு வரட்டும்!