கண்டுபிடித்தாயிற்று, காரணம் எங்கே?

வேளச்சேரி–தாம்பரம் சாலையின் தென்கோடியில், மாடம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, விமானப்படைத் தளம் இருக்கிறது. அதே சாலையில் பள்ளிக்கரணை நாராயணபுரத்தில் இருப்பது, என்ஐஓடி என்று சுருக்கமாக அறியப்படும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்கு அந்தத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் போய்ச் சேரவே இல்லை. 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது என்ஐஓடியின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். ஏழரை ஆண்டு கழித்து வந்த அந்தச் செய்தியை ஒரு கதையின் முடிவாகவே பெரும்பாலோர் படித்தோம். ஆனால் விமானம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும்தான் அது விடை. ஏன் விழுந்தது என்பதற்கான விசாரணை அந்தப் படங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்காக அந்த ஆழத்துக்கு மறுபடியும் போகவும் வேண்டும்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கோரிக்கையின் கனம் புரியும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டரே எல்லை. அதற்குக் கீழே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கம் தரும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுமந்து இறங்குகிறார்கள். அடியில் இருந்த நேரத்தைவிட அதிக நேரத்தை மெல்ல மெல்ல மேலே ஏறி வருவதில் கழிக்கிறார்கள். 2025 ஜூலையில் கடற்படையில் சேர்ந்த நிஸ்தார் கப்பலின் முக்குளிப்பு வசதியே 300 மீட்டர் வரைக்கும்தான். 3,400 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 350 கிலோ அழுத்தம். மேலே கொதிக்கிற வங்கக் கடல் அங்கே இரண்டு டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்கிறது. வெளிச்சம் அறவே இல்லை. அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அங்கே இயந்திரம்தான் போக முடியும். என்ஐஓடியின் கலம் கடலடிக்குச் சற்று மேலாக, வயலை உழுவதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, ஒலி அலைகளால் தரையை வரைகிறது. சந்தேகத்துக்குரிய இடத்தில் நெருங்கிப் படம் எடுக்கிறது. அந்தப் படங்கள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவில்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

2016இல் நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள், 23,000 அடி உயரத்தில் பறந்த விமானம் இடப்பக்கம் திரும்பி, வேகமாக உயரம் இழந்தது ரேடாரில் பதிவானது. ஆபத்து என்று ஒரு குரல்கூட வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பர் நடுவில், அதில் போன அனைவரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பங்களுக்குக் கடிதம் போனது. ஆறு விமானக் குழுவினர், முப்படைகளையும் கடலோரக் காவல் படையையும் சேர்ந்தவர்கள், பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்கள் எட்டுப் பேர் என்று 29 வீடுகளுக்கு அந்த ‘கருதப்படுகிறார்கள்’ மட்டும்தான் மிஞ்சியது.

முந்தைய ஆண்டு நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூன் 8 இரவு, மூன்று பேருடன் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் கடலூர்ப் பக்கக் கடலில் விழுந்தது. அதிலிருந்த ஒலிக்கருவி நீருக்கடியில் விட்டுவிட்டு எழுப்பிய சத்தத்தை சிந்துத்வஜ் நீர்மூழ்கி கேட்டது. வாடகைக்கு அமர்த்திய தனியார் கப்பலின் இயந்திரம் சுமார் 950 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டது. ஒரு மாதம் சொச்சத்தில் கறுப்புப் பெட்டியே கரைக்கு வந்துவிட்டது. ஏஎன்-32இல் அப்படி நீருக்கடியில் குரல் கொடுக்கும் கருவி இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. இருந்திருந்தாலும் 3,400 மீட்டரிலிருந்து கேட்டிருக்குமா என்று வாதாடலாம், நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் கேட்க ஒரு குரலாவது இருந்திருக்கும்.

இனி எதிர்வாதங்கள். இத்தனை ஆண்டு உப்புநீரில் கிடந்த பதிவுப் பெட்டியில் என்ன மிஞ்சும் என்பது முதல் கேள்வி. 1987 நவம்பரில் மொரீஷியஸ் அருகே விழுந்த தென்னாப்பிரிக்க விமானம் ஹெல்டர்பெர்க்கின் குரல் பதிவு, 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதினான்காம் மாதத்தில் எடுக்கப்பட்டது. 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகள் சுமார் 3,900 மீட்டரிலிருந்து வந்தபோது இரண்டு ஆண்டு ஆகப் போனது. இரண்டுமே படிக்க முடிந்தவை. நம்முடையது அதைவிடப் பழையது, வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் பெட்டி மட்டுமே சாட்சி இல்லை. ஏர் பிரான்ஸ் சிதைவுகள் அறுநூறுக்கு இருநூறு மீட்டர் பரப்புக்குள் நெருக்கமாகக் கிடந்தன. விமானம் வானில் உடையவில்லை, முழுசாகவே நீரில் மோதியது என்ற முடிவுக்கு அதுவும் துணைநின்றது. புரொப்பெல்லர் இலைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதை வைத்து, மோதிய நேரத்தில் இன்ஜின் ஓடியதா நின்றுவிட்டதா என்று நிபுணர்கள் சொல்வார்கள். இதற்கான படங்களில் ஒரு பகுதியாவது நம் கையில் இருக்கிறது. அவற்றை விசாரணைக்கு உட்படுத்தக் கடலில் இறங்க வேண்டியதுகூட இல்லை.

செலவு அடுத்த தடை. 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய். அதன் பெரிய இலக்குகளில் ஒன்று, மத்திய இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடக்கும் உலோக முடிச்சுகள். என்ஐஓடியின் ரோசப் என்ற இயந்திரம் 2010லேயே 5,289 மீட்டர் வரை இறங்கிச் சோதிக்கப்பட்டது; மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோக மத்ஸ்யா கலம் தயாராகிவருகிறது. நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர் இறங்கத் துணிகிற நாடு, தன் ஆட்கள் 29 பேர் எப்படி இறந்தார்கள் என்று பார்க்க மூன்றரை கிலோமீட்டர் இறங்கப் பணமில்லை என்று சொல்வது எடுபடாது.

ராணுவ விமானம், எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது என்பார்கள். சொல்ல வேண்டாம். விசாரணை நடப்பதையும் அதன் பொதுவான முடிவையும் சொன்னால் போதும். 2019 ஜூனில் அருணாசலத்தில் 13 பேருடன் விழுந்த இன்னொரு ஏஎன்-32இன் பதிவுப் பெட்டிகளுக்காக அந்தக் காட்டு மலையில் ஆட்களை இறக்கினார்கள், எடுத்தும் வந்தார்கள். அப்போது ரகசியம் குறுக்கே நிற்கவில்லை. எண்பதுகளில் வாங்கத் தொடங்கிய இந்த ரக விமானங்களில் இன்றும் நம் வீரர்கள் பறக்கிறார்கள் என்பதால், விசாரணையின் பயன் இறந்தவர்களுக்கு மட்டுமானது அல்ல.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் தருவது ஒன்றுதான்: அது 29 பேரின் கல்லறை, தொடக்கூடாது என்ற வாதம். ஹெர்மிஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே இறங்குகிறவர்கள் எதையும் எடுக்காமல் திரும்புவதே முறை. ஆனால் ஹெர்மிஸ் ஏன் மூழ்கியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே காரணம்தான் தெரியவில்லை. பெட்டியையும் சில இயந்திரப் பாகங்களையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று வரையறுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் 29 குடும்பங்களிடமும் கேட்க வேண்டும், படங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டவும் வேண்டும். புயல் பருவம் ஓய்ந்த பிறகு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வங்கக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வரும் ஆண்டின் அந்த மாதங்களில் ஒரு கப்பலை இதற்கென்று ஒதுக்க வேண்டுமானால், பாதுகாப்பு அமைச்சகமும் புவி அறிவியல் அமைச்சகமும் அதற்கான கோப்பை இந்த ஆண்டே திறந்தாக வேண்டும்.