கிணற்றடி நீர் வாழையடிக்கே

கமக்காரர்களே,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையுள் இறங்கித் தங்குகின்றது. அதனையே குடிக்கின்றோம்; பயிருக்கும் பாய்ச்சுகின்றோம். அந்நன்னீரின் கீழ் உவர்நீர் உண்டு. “இறைத்த கிணறு ஊறும்” என்றனர் முன்னோர். துலாவால் இறைத்த காலத்துக்கு அது பொருந்திற்று. இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கோடையில் உவரே மேலேறி வரும்.

இவ்வாறிருக்க, குளித்த நீரும் உடை தோய்த்த நீரும் கிணற்றடியிலே தேங்கி நிற்பதைப் பல வளவுகளிற் காண்கின்றேன். அது நுளம்பை வளர்ப்பதோடு, பாறை வெடிப்புக்களூடாக நாம் குடிக்கும் கிணற்றுக்கே திரும்பக்கூடும்.

“இச்சிறு நீரால் யாது பயன்?” என்பர் சிலர். கணக்கிட்டுப் பாருங்கள். ஐவர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 வாளி, வாளிக்கு 10 லீற்றர் எனின், நாளொன்றுக்கு 250 லீற்றர் ஆகும். பத்து வாழைகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 25 லீற்றர் கிடைக்கும். அவ்வளவு நீர் அன்றன்று இறைக்காமலே வருகின்றது.

ஆயினும், எல்லாப் பயிருக்கும் இந்நீர் உகந்ததன்று. ஒருமுறை தோய்த்த நீரை என் வீட்டுக் கத்தரி நாற்றுமேடைக்குத் திருப்பினேன். சவர்க்காரத் தூளின் உப்பினால் நாற்றுக்கள் கருகின. தவறு நீரினதன்று, என்னுடையதே. வாழையும் தென்னையும் இந்நீருக்கு ஏற்றவை. கீரைக்கும் பச்சையாக உண்ணும் மரக்கறிக்கும் இதனை விடலாகாது.

செய்யவேண்டியவை சிலவே. கிணற்றடியை வெடிப்பின்றிச் சீமெந்தால் மெழுகி, சரிவான வாய்க்கால் அமைக்குக. நீர் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரம் செல்லட்டும். வழியில் ஒரு சிறு குழியிற் பொச்சுமட்டையும் சரளைக்கல்லும் இட்டால் அழுக்கும் நுரையும் அங்கே தங்கும். அம்மட்டையை இடையிடையே மாற்றுக. நீரை ஒரே இடத்தில் விடாது, மரங்களுக்கு முறைவைத்துத் திருப்புக. ஒரு நாளுக்கு மேற் சேமித்து வைத்தல் ஆகாது. மலசலகூட நீரும், குழந்தையின் மலத்துணி அலசிய நீரும், வெளிற்றும் தூள் கலந்த நீரும் இவ்வாய்க்காலிற் சேரலாகாது.

கிணற்றடி பெண்கள் அலுவல் என்று ஆண்கள் ஒதுங்கற்க. தோட்டத்துக்கு வாய்க்கால் கட்டும் கை, கிணற்றடிக்கும் ஒன்று கட்டலாம். அரைநாள் வேலையே. நம் பிள்ளைகள் இதே கிணற்றில் நன்னீர் குடிக்கவேண்டுமாயின், அவ்வரைநாளை இக்கோடைக்கு முன்னரே ஒதுக்குக.